1943-இல் ஒரு அமெரிக்க வீட்டை நடத்துவது எப்படி: ரேஷன் புத்தகக் காலத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

என் மேசையில் ஒரு பழைய ரேஷன் புத்தகம் கிடக்கிறது. பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிற ஒருவரிடம் வாங்கிய டப்பாவுக்குள் அதுவும் இருந்தது. அட்டையில் 'போர் ரேஷன் புத்தகம் எண் 3' என்று அச்சடித்திருக்கிறது. கீழே உரியவரின் பெயர், விலாசம், வயது, ஆணா பெண்ணா, எடை, உயரம், தொழில் எல்லாம் மையால் நிரப்பப்பட்டிருக்கின்றன. உள்ளே தபால்தலை போல ஓரத்தில் துளையிட்ட சின்னச் சின்ன ஸ்டாம்புகள். பீரங்கி, டாங்கி, விமானம், விமானந்தாங்கிக் கப்பல் என்று படம் போட்டவை. சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, சில பக்கங்களில் கை படவே இல்லை.

வீட்டுக்கு வேண்டியதை வாங்கின புத்தகத்தில் ஏன் சில பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பம் மாதத்தை எப்படி ஓட்டியது என்பதை, நீங்களே அந்த வீட்டை நடத்தப் போகிறீர்கள் என்ற கணக்கில் படிப்படியாகச் சொல்கிறேன். வருடம் 1943. உங்கள் வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ரேஷன்' என்றதும் நமக்கு நினைவு வருவது மலிவு விலையில் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் தருகிற கடை. இது அதுவல்ல. அமெரிக்காவில் தனியாக ரேஷன் கடையே கிடையாது. வழக்கமான மளிகைக்கடையில், முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஸ்டாம்பு என்பது அந்தப் பொருளை வாங்கலாம் என்கிற அனுமதி. பையில் எவ்வளவு காசு இருந்தாலும் ஸ்டாம்பு இல்லையென்றால் கடைக்காரர் தலையை ஆட்டிவிடுவார். பணக்காரர் வீட்டுக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் ஆளுக்கு அதே எண்ணிக்கைதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 1: பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் புத்தகம் வாங்குங்கள்

1941 டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. ஐந்து மாதம் கழித்து, 1942 மே மாத முதல் வாரத்தில், நாடு முழுவதும் ஆரம்பப் பள்ளிகளில் வரிசை நின்றது. முதல் ரேஷன் புத்தகத்துக்குப் பதிவு. எழுதிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள்தான். உயரம், எடை, கண்ணின் நிறம், முடியின் நிறம் எல்லாம் கேட்பார்கள். புகைப்படம் ஒட்டாத காலம், ஆளை அடையாளம் காண வேறு வழியில்லை.

அடுத்து ஒரு கேள்வி வரும்: வீட்டில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது? உண்மையைச் சொல்ல வேண்டும். அனுமதித்ததைவிட அதிகமாக வைத்திருந்தால், அந்த அளவுக்கு ஸ்டாம்பை அங்கேயே கிழித்துக்கொண்டுதான் புத்தகத்தைக் கையில் தருவார்கள். பேர்ல் துறைமுகச் செய்தி வந்ததுமே மூட்டை மூட்டையாக வாங்கிப் பரணில் ஏற்றியவர்கள் ஆசிரியர் முன்னால் எப்படி முழித்திருப்பார்கள் என்று கற்பனை செய்து பார்க்கலாம்.

குடும்பத்துக்கு ஒன்று என்றில்லை, ஆளுக்கு ஒரு புத்தகம். தொட்டில் குழந்தைக்கும் தனிப் புத்தகம் உண்டு, அதில் பெரியவர்களுக்கு உள்ள அதே ஸ்டாம்பு இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் எல்லோருடையதையும் சேர்த்துச் செலவழிக்கலாம். ஆகவே பிள்ளைகள் நிறைய உள்ள வீட்டுக்கு இதில் கொஞ்சம் லாபம். வீட்டில் யாராவது இறந்தாலோ படையில் சேர்ந்தாலோ அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வாஷிங்டனில் உள்ள விலை நிர்வாக அலுவலகம். மக்கள் வாயில் அது 'ஓ.பி.ஏ.'. ஆனால் நீங்கள் முகம் பார்த்துப் பேசப்போவது உங்கள் ஊர் ரேஷன் போர்டிடம். நாடு முழுவதும் 5,000-க்கும் மேற்பட்ட போர்டுகள் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். டயர் கேட்டு மனு போட்டால் அதைப் படித்துப் பார்ப்பவர் உங்கள் தெருவில் குடியிருப்பவராகவே இருக்கலாம். அவரிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. இந்த ஏற்பாடு ஓடியதற்குக் காரணம் சட்டத்தின் மேல் இருந்த பயத்தைவிட அக்கம்பக்கத்தாரின் கண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

படி 2: நிறம், எழுத்து, எண் மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள்

சர்க்கரை, காபி மாதிரிப் பொருளுக்குக் கணக்கு நேரடி: இன்ன எண்ணுள்ள ஸ்டாம்பு, இன்ன தேதிக்குள், இத்தனை பவுண்டு. 1943 மார்ச்சில் இரண்டாவது புத்தகத்தோடு பாயின்ட் முறை வந்தது. தலைவலி அதில்தான் தொடங்கியது.

நீல ஸ்டாம்பு டின்னில் அடைத்த காய், பழம், சூப்பு, உலர் பழம் போன்றவற்றுக்கு. மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. சிவப்பு ஸ்டாம்பு இறைச்சி, வெண்ணெய், சீஸ், கொழுப்பு, டின் மீனுக்கு. அது மார்ச் 29-ஆம் தேதி வந்தது. ஒவ்வொரு ஸ்டாம்பிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் எத்தனை பாயின்ட் என்பதைச் சொல்லும்: 8, 5, 2, 1. எழுத்து அந்த ஸ்டாம்பு எப்போது செல்லும் என்பதைச் சொல்லும். ஓர் எழுத்துக்குரிய நான்கையும் கூட்டினால் 16.

நீலத்தில் மாதத்துக்கு மூன்று எழுத்து செல்லும், அதாவது ஆளுக்கு 48 பாயின்ட். உங்கள் வீட்டில் நான்கு பேர் என்பதால் மாதம் 192. சிவப்பில் வாரம் ஓர் எழுத்து, ஆளுக்கு 16, வீட்டுக்கு 64.

இப்போது கடைக்குப் போகிறீர்கள். ஒரு டின் பட்டாணியின் கீழே 14 பாயின்ட் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் புத்தகத்தில் 8, 5, 1 கிழித்தால் சரியாகப் போயிற்று. பக்கத்தில் உள்ள தக்காளி டின் 11 பாயின்ட் என்றால்? இன்னொருவர் புத்தகத்திலிருந்து 8, 2, 1. இப்படி இரண்டு மூன்று டின் வாங்குவதற்குள் எல்லோருடைய 1-உம் 2-உம் தீர்ந்துவிடும். மீதி இருப்பது 8, 5 மட்டும். அடுத்த டின் 10 பாயின்ட் என்றால் இரண்டு 5 வேண்டும், அல்லது 13 பாயின்டைக் கிழித்துக் கொடுத்து 3-ஐ விட வேண்டும். நீல ஸ்டாம்புக்குச் சில்லறை தரும் வழக்கமில்லை. அதனால் அனுபவசாலிகள் மாத ஆரம்பத்தில் பெரிய ஸ்டாம்புகளைச் செலவழித்துவிட்டு, 1-ஐயும் 2-ஐயும் மாதக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஸ்டாம்பைக் கடைக்காரர் கண் முன்னால்தான் கிழிக்க வேண்டும். வீட்டிலேயே கிழித்துப் பையில் போட்டு எடுத்துப் போனால் செல்லாது. திருட்டு ஸ்டாம்பு கைமாறாமல் இருக்க அந்த விதி. கடைக்காரரும் ஈவிரக்கமில்லாமல்தான் இருப்பார். ஏனென்றால் இன்று உங்களிடம் வாங்கிய ஸ்டாம்பை இரவு உட்கார்ந்து தாளில் ஒட்டி, அதைக் கொடுத்துத்தான் அவர் மொத்த வியாபாரியிடம் அடுத்த சரக்கு எடுக்க முடியும். வங்கியில் காசுக்குக் கணக்கு இருப்பது போல ரேஷன் பாயின்டுக்கும் தனிக் கணக்கு திறந்து வைத்திருந்தார்கள். டாலருக்குப் பக்கத்தில் இன்னொரு நாணயமே ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1944 பிப்ரவரிக் கடைசியில் சில்லறைத் தொல்லைக்கு ஒரு வழி பிறந்தது. ஸ்டாம்பு ஒவ்வொன்றும் 10 பாயின்ட் என்று ஆக்கிவிட்டு, மீதிக்குச் சில்லறையாகச் சிவப்பு, நீல வில்லைகளை விட்டார்கள். அவற்றில் ஒன்றும் அந்த டப்பாவில் இருந்தது. பத்து சென்ட் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னது. உலோகத்தை மிச்சப்படுத்த வேண்டிய காலமாயிற்றே, அழுத்தின நார்ப்பொருளில் செய்தது. சுண்டினால் சத்தமே வராது. நடுவில் 1, அதன் இருபுறமும் ஓர் எழுத்து.

ஸ்டாம்பைச் சேமித்து வைக்கிற ஆசை வேண்டாம். 1944 கிறிஸ்துமஸ் சமயத்தில், மக்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய சிவப்பு, நீல ஸ்டாம்புகளை ஓ.பி.ஏ. ஒரே அறிவிப்பில் செல்லாது என்றது. சிக்கனமாக இருந்தவர்கள்தான் அதில் அதிகம் இழந்தார்கள். அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது.

படி 3: செய்தித்தாள் படிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்

பாயின்ட் நிலையானதல்ல. எந்தப் பொருள் தட்டுப்படுகிறதோ அதற்கு ஏற்றுவார்கள், தேங்கினால் இறக்குவார்கள். புதுப் பட்டியல் செய்தித்தாளில் வரும், அதை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வெண்ணெய்க்கு மட்டும் ஓர் உதாரணம்: 1943-இல் ஒரு பவுண்டுக்கு 8 பாயின்ட் என்று ஆரம்பித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 16 ஆகி, போரின் கடைசிக் கட்டத்தில் 24-ஐத் தொட்டது.

காசு விலைக்கும் ஓர் எல்லை உண்டு. 1942 ஏப்ரலில் வந்த பொதுவிலை ஆணை, அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் கடைக்காரர் வாங்கிய உச்ச விலையைத் தாண்டிப் பெரும்பாலான பொருள்களை விற்கக் கூடாது என்றது. உச்சவரம்பு விலை கடையில் எழுதி மாட்டியிருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். தன்னார்வப் பெண்கள் கடை கடையாகப் போய் அதைச் சரிபார்த்தார்கள். 'உச்ச விலைக்கு மேல் தர மாட்டேன், ஸ்டாம்பு கொடுக்காமல் ரேஷன் பொருள் வாங்க மாட்டேன்' என்று வீட்டுக்கு வீடு உறுதிமொழியும் எடுத்தார்கள்.

எடுத்தவர்கள் எல்லோரும் காப்பாற்றினார்களா என்றால், இல்லை. கறுப்புச் சந்தை இருந்தது. குறிப்பாக மாட்டிறைச்சியிலும் பெட்ரோலிலும். போலிக் கூப்பன் அச்சடித்து விற்ற கூட்டமும் இருந்தது. 'நமக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்' என்று கசாப்புக்காரர் கண்ணைக் காட்டினால் என்ன செய்வீர்கள் என்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது.

ரேஷனில் வராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அதில்தான் வீடு ஓடும்: முட்டை, பால், ரொட்டி, கோழி, புது மீன், புதுக் காய்கறி. ரொட்டியிலும் ஒரு கூத்து நடந்தது. 1943 ஜனவரி 18 முதல் வெட்டித் துண்டு போட்ட ரொட்டி விற்கத் தடை. கத்தியும் கையுமாகக் காலை உணவு தயாரித்த குடும்பத்தலைவிகள் போட்ட கூச்சலில் மார்ச் 8-ஆம் தேதியே தடையை எடுத்துவிட்டார்கள்.

படி 4: சர்க்கரையையும் காபியையும் பூட்டி வையுங்கள்

சர்க்கரை ஆளுக்கு வாரம் அரை பவுண்டு, நம் கணக்கில் 225 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பிலிப்பைன்ஸ் ஜப்பான் கைக்குப் போனதில் ஒரு வழி அடைபட்டது. மற்ற இடங்களிலிருந்து ஏற்றிவர வேண்டிய கப்பல்கள் போர்ச் சரக்குக்குப் போய்விட்டன. கேக்குக்குத் தேன், சோளப்பாகு சேர்த்துச் சமாளியுங்கள்.

காபி இன்னும் சங்கடம். 1942 நவம்பர் 29 முதல், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. நாளைக்கு ஒரு கோப்பை தேறுவதே கஷ்டம். காபி விளைச்சலில் குறையில்லை, பிரேசிலிலிருந்து கொண்டுவரக் கப்பல்தான் இல்லை. வடித்த தூளையே மறுபடி வடித்தார்கள். கள்ளிச்சொட்டு மாதிரி டிகிரி காபி குடித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம். நல்லவேளை, 1943 ஜூலைக் கடைசியில் காபி ரேஷன் எடுக்கப்பட்டது.

படி 5: வாணலியில் மிஞ்சிய கொழுப்பைக் கொட்டாதீர்கள்

வெண்ணெய்க்குப் பாயின்ட் கட்டுப்படியாகவில்லை என்றால் மார்ஜரின். ஆனால் அது மஞ்சளாக இருக்காது, பன்றிக்கொழுப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். பால் பண்ணைக்காரர்களின் நெருக்குதலால் வந்த பழைய சட்டப்படி, நிறம் சேர்த்த மார்ஜரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் வரி. எனவே கம்பெனிகள் வெள்ளையாகவே விற்று, கூடவே ஒரு சாயப் பொட்டலத்தைத் தந்துவிடும். மார்ஜரினை வெளியே வைத்து இளக விட்டு, பாத்திரத்தில் போட்டு, சாயத்தைத் தூவி, கையால் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு பிசைகிற வேலைதான். முதலில் ஆரஞ்சுக் கோடுகளாக ஓடும், விடாமல் பிசைந்தால் ஒரே மஞ்சளாகும். பெரும்பாலும் பிள்ளைகள் தலையில் விழுந்த வேலை இது.

பொரித்த, வறுத்த கொழுப்பை வடிகட்டி ஒரு டின்னில் ஊற்றி வையுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம். ஒரு பவுண்டு சேர்ந்ததும் இறைச்சிக் கடைக்கு எடுத்துப் போங்கள், 4 சென்ட் கிடைக்கும். 1943 டிசம்பரிலிருந்து காசோடு ரேஷன் பாயின்டும் கொடுத்தார்கள். காசுக்காகப் போகாதவர்களும் பாயின்டுக்காகப் போனார்கள். அந்தக் கொழுப்பிலிருந்து கிளிசரின் பிரிப்பார்கள், கிளிசரினிலிருந்து வெடிமருந்து.

காலி டின்களுக்கும் முறை இருக்கிறது. கழுவி, காகிதத்தை உரித்து, மேல்மூடி அடிமூடி இரண்டையும் வெட்டி உள்ளே போட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்கிச் சேகரிப்புக்குத் தர வேண்டும். பற்பசை வாங்கப் போனால் பழைய டியூபைக் கொடுத்தால்தான் புதியது, ஏனென்றால் டியூபும் ஈயத் தகரம்தான்.

படி 6: புல்தரையைக் கொத்துங்கள், ஜாடியில் அடையுங்கள்

நீல பாயின்டிலிருந்து தப்பிக்க ஒரே வழி, டின் காயை நம்பாமல் இருப்பது. 'வெற்றித் தோட்டம்' என்று பெயர் வைத்து வீட்டுக்கு முன்னால், பின்னால், காலி மனையில் எல்லாம் தக்காளி, பீன்ஸ், கேரட் போட்டார்கள். 1943-இல் சுமார் 2 கோடித் தோட்டங்கள் இருந்தன, நாட்டுக்கு வேண்டிய புதுக் காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகை வளாகத்திலேயே தோட்டம் போட வைத்தார். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பாத்தி கட்டினார்கள். பாஸ்டனின் ஃபென்வேயில் அன்று தொடங்கிய தோட்டம் இன்னும் இருக்கிறது.

விளைந்ததெல்லாம் கோடையில் ஒரே மாதத்தில் வந்து குவியும். அதைக் குளிர்காலத்துக்குக் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைக்க வேண்டும். இங்கே கவனம் வேண்டும். தக்காளி, பழம் போன்ற புளிப்பானவற்றைக் கொதிநீரில் வைத்து அடைக்கலாம். பீன்ஸ், சோளம், பட்டாணிக்கு அது போதாது, பிரஷர் குக்கர் வேண்டும். இல்லையென்றால் ஜாடிக்குள் பொட்டுலினம் என்ற நஞ்சு உருவாகும். பார்வைக்கும் வாசனைக்கும் தெரியாது, ஆளைக் கொன்றுவிடும். சிக்கல் என்னவென்றால், போருக்கு உலோகம் போய்விட்டதால் குக்கர் தட்டுப்பாடு. அக்கம்பக்கம் சேர்ந்து ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஊரில் திறந்திருக்கும் பொது அடைப்பு மையத்துக்குக் கூடையோடு போங்கள்.

பழம் அடைக்கத் தனியாகச் சர்க்கரை கிடைக்கும். ரேஷன் போர்டின் கணக்கு: அடைத்து முடித்த நான்கு குவார்ட் பழத்துக்கு ஒரு பவுண்டு. ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

படி 7: காரைக் கூடியவரை வெளியே எடுக்காதீர்கள்

முதன்முதலில் ரேஷனுக்கு வந்தது உணவுப் பொருளே அல்ல, டயர். 1942 ஜனவரித் தொடக்கத்திலேயே. இதன் காரணத்தில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் பக்கமிருந்து வந்தது. மலாயாவின் தோட்டங்களில் விடியற்காலையில் ரப்பர் மரம் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஒஹாயோவில் ஒருவர் டயர் கிடைக்காமல் போர்டு வாசலில் நின்றார். மலாயாவில் அந்த மரத்தைச் சீவியவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து திரும்பாதவர்கள் ஏராளம். ஒரே பொருளின் இரண்டு முனை. ஒரு முனையில் நடந்ததற்குப் பெயர் 'அசௌகரியம்'.

புதுக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோயிற்று. இருக்கிற காரை ஓட்ட முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சாதாரண மனிதருக்கு 'ஏ'. அதற்குத் தொடக்கத்தில் வாரம் 4 கேலன், அதாவது 15 லிட்டர். அப்புறம் அதையும் குறைத்தார்கள். வேலைக்கு நெடுந்தூரம் போகிறவருக்கு 'பி', டாக்டர் போன்றவர்களுக்கு 'சி', லாரிக்கு 'டி' (ஆங்கில T). கணக்கே இல்லாமல் ஊற்றிக்கொள்ள 'எக்ஸ்'. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் பலர் தங்களுக்கு 'எக்ஸ்' வாங்கிக்கொண்ட செய்தி வெளியானதும் ஊர் சிரித்தது.

கிழக்குக் கடற்கரையில் பெட்ரோல் ரேஷன் 1942 மே மாதமே வந்துவிட்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைக் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆனால் டிசம்பர் 1 அன்று நாடு முழுவதற்கும் விரித்ததற்குக் காரணம் பெட்ரோல் அல்ல, ரப்பர். பெட்ரோல் இல்லையென்றால் கார் ஓடாது, ஓடாவிட்டால் டயர் தேயாது. டெக்சாஸ்காரருக்கு இது புரியவே இல்லை. காலடியில் எண்ணெய்க் கிணறு, கையில் கூப்பன்!

கூப்பன் வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் உள்ள டயர்களின் எண்ணைப் பதிந்துகொள்வார்கள். ஒரு காருக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் அரசிடம் கொடுத்துவிட வேண்டும். மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள். ஸ்டிக்கரின் உள்பக்கம், ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி ஒரு கேள்வி அச்சடித்திருக்கும்: 'இந்தப் பயணம் உண்மையிலேயே அவசியமா?' அதைப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தவர்கள் எத்தனை பேரோ.

படி 8: துணி, காலணி

இதில் நீட்ட ஒன்றுமில்லை. பட்டு வருவது நின்றது, நைலான் பாராசூட்டுக்குப் போயிற்று. காலுறை கிடைக்காத பெண்கள் காலில் சாயம் பூசி, பின்பக்கம் தையல் கோடு தெரிவது போலப் புருவப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார்கள். ஆண்களின் கால்சட்டையில் கீழ்மடிப்பு போயிற்று. தோல் காலணி 1943 பிப்ரவரியில் ரேஷனுக்கு வந்தது. ஆண்டுக்கு 3 ஜோடி என்று தொடங்கி, பின்னர் அதுவும் சுருங்கியது. என்னிடம் உள்ள மூன்றாவது புத்தகத்தின் விமான ஸ்டாம்பு இதற்குத்தான். ஒரு விமானம், ஒரு ஜோடி. வளர்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பாவின் விமானம் பையன் காலுக்குப் போய்விடும்.

படி 9: வேலைக்குப் போவதென்றால் பிள்ளைகளுக்கு முதலில் இடம் பாருங்கள்

ஆண்கள் படைக்குப் போக, ஆலைகள் பெண்களைக் கூப்பிட்டன. சம்பளம் நன்றாக இருந்தது, வேலையும் மிரள வைக்கிற வேகத்தில் நடந்தது. மிச்சிகனில் உள்ள வில்லோ ரன் ஆலையிலிருந்து 1944-இல் மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் வெளியே வந்தது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் 1942 நவம்பரில் ஒரு சரக்குக் கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டி மிதக்கவிட்டார்கள். ஆலை இருந்த ஊர்களில் வீடு கிடைக்காது. பகல் ஷிப்டுக்காரர் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார்.

பிள்ளைகளை எங்கே விடுவது? மத்திய அரசின் பணத்தில் நடந்த காப்பகங்கள் இருந்தன, உச்சத்தில் ஏறத்தாழ 1,30,000 பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள். தேவையோடு பார்த்தால் அது கொஞ்சம்தான். ஓரிகானின் போர்ட்லண்டில் கைசர் கப்பல்தளம் நடத்திய காப்பகம் கிடைத்தால் விடாதீர்கள். தளத்தின் வாசலிலேயே இருந்தது. 24 மணி நேரமும் திறந்திருக்கும். வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப் போகும்போது சமைத்த இரவுச் சாப்பாட்டையும் வாங்கிப் போகலாம். போர் முடிந்ததும் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்த வசதி எத்தனை ஆலை வாசலில் இருக்கிறது?

படி 10: பாண்டு வாங்குங்கள், கடிதம் எழுதுங்கள்

கையில் சம்பளம் இருக்கிறது, கடையில் பொருள் இல்லை. அந்தக் காசு விலையை ஏற்றிவிடாமல் இருக்க அரசு அதைப் போர்ப் பத்திரமாக உறிஞ்சியது. 18.75 டாலருக்கு வாங்கினால் பத்து வருடத்தில் 25 டாலர். மொத்தமாக முடியாதவர்கள் 25 சென்ட் ஸ்டாம்பு வாங்கி ஆல்பத்தில் ஒட்டலாம். 75 ஒட்டினால் ஒரு பத்திரம். பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேர்ந்தார்கள்.

மகன் படையில் இருந்தால் ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கும். அவனுக்கு எழுத 'வி-மெயில்' தாளைப் பயன்படுத்துங்கள். அதைப் படம்பிடித்து, பிலிம் சுருளாக விமானத்தில் அனுப்பி, அங்கே அச்சடித்துக் கொடுப்பார்கள். 37 மூட்டைக் கடிதம் ஒரே மூட்டையில் அடங்கும். அச்சில் எழுத்து கால்வாசியாகச் சுருங்கிவிடும், ஆகவே பெரிதாக, கறுப்பு மையில் எழுதுங்கள். நட்சத்திரம் நீலமாகவே இருக்கட்டும். பொன் நிறமானால் அவன் திரும்ப மாட்டான் என்று பொருள்.

இந்தப் படிகள் யாருக்குப் பொருந்தாது

மேற்குக் கடற்கரையில் இருக்கிற ஜப்பானிய வம்சாவளிக் குடும்பம் என்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின் பேரில் சுமார் 1,20,000 பேரை வீட்டிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் விளைவித்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். ஊரெல்லாம் தோட்டம் போடச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெரிந்த விவசாயிகளை வயலிலிருந்து எடுத்தார்கள். முகாமில் குடும்பத்துக்கென்று சமையலறை கிடையாது. பொதுக் கொட்டகையில் தட்டோடு வரிசை. ஆனாலும் மன்சனார் முகாமின் பாலைமண்ணில் அவர்கள் பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்தார்கள். 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது.

கறுப்பினக் குடும்பத்துக்கும் அதே புத்தகம்தான், ஆனால் ஆலை வாசலும் வாடகை வீடும் வேறு. போர் ஆலைகளில் நிறபேதம் கூடாது என்று ஆணை 1941-லேயே வந்தது. கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனுக்குப் பேரணி வருவேன் என்று மிரட்டியதால்தான் அதுவும் வந்தது. 1943 ஜூனில் டெட்ராய்ட்டில் நடந்த கலவரத்தில் 34 பேர் செத்தார்கள், அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர்.

படி 11: புத்தகத்தை எப்போது தூக்கிப் போடலாம்

அவசரப்படாதீர்கள். ஜப்பான் சரணடைந்த மறுநாள், 1945 ஆகஸ்ட் 15-இல், பெட்ரோலும் டின் காய்களும் விடுதலையாயின. பெட்ரோல் பங்கில் 'நிரப்புங்கள்' என்று சொல்லக் கூட்டம் அலைமோதியது. காலணி அக்டோபர்க் கடைசியில். இறைச்சி, வெண்ணெய் நவம்பர் 23. டயர் ஆண்டு முடிவில். சர்க்கரைதான் விடவில்லை, உணவில் முதலில் வந்த அது 1947 ஜூன் வரை இருந்துவிட்டுத்தான் போயிற்று.

என் மேசையில் உள்ள புத்தகத்துக்கு வருகிறேன். டாங்கியும் பீரங்கியும் கப்பலும் கை படாமல் இருப்பதன் காரணம் சாதாரணம்தான், அந்த ஸ்டாம்புகளை எதற்கும் செல்லும் என்று அறிவிக்கவே இல்லை. விமானப் பக்கத்தில் 1, 2 இரண்டும் கிழிந்திருக்கின்றன. 3 அப்படியே இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறது.